அறைக்குள் சொன்னதும் அரங்கில் சொன்னதும்

நட்பு நாடுகள் ஒன்றையொன்று பொது மேடையில் குறை கூறுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருந்ததால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கூட்டணி நாடுகளுக்கு இடையே ஒப்பந்தங்கள் இருக்கின்றன, படைத்தளங்கள் இருக்கின்றன, பெரும் வணிகம் இருக்கிறது. அப்படியிருக்க, ஒரு தலைவர் மேடையில் நான்கு வார்த்தை கடுமையாகப் பேசிவிட்டதால் நம்பிக்கை குலைந்துவிடும் என்பது மிகைப்படுத்தல் அல்லவா?

பதில்: ஒப்பந்தங்கள் குலைவதில்லை என்பது உண்மைதான், பெரும்பாலும் அவை எழுதப்பட்டபடியே நீடிக்கின்றன. குலைவது வேறொன்று. நாடுகளுக்கு இடையே நம்பிக்கை என்று நாம் சொல்வது பாசத்தை அன்று. ஒரு முடிவை எடுப்பதற்கு முன்பே மற்றவரிடம் அதைச் சொல்லிவிடும் பழக்கத்தையும், தனியாகச் சொன்னது தனியாகவே இருக்கும் என்ற உறுதியையும்தான். பொது மேடையில் விழும் கடுஞ்சொல் முதலில் பதம் பார்ப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

2021ஆம் ஆண்டின் நீர்மூழ்கிக் கப்பல் விவகாரத்தை நாள் நாளாகப் பின்தொடர்ந்தால் இது விளங்கும். ஆஸ்திரேலியா தன் கடற்படைக்கு 12 நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டும் பணிக்கு 2016இல் பிரான்ஸைத் தேர்ந்தெடுத்திருந்தது. 2021 செப்டம்பர் நடுவில், அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் சேர்ந்து ‘ஆக்கஸ்’ என்ற புதிய பாதுகாப்பு உடன்பாட்டை அறிவித்து, பிரான்ஸுடனான திட்டத்தைக் கைவிட்டது. முதுகில் குத்திவிட்டார்கள் என்று பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் வெளிப்படையாகவே பேசினார். செப்டம்பர் 17 அன்று வாஷிங்டனிலிருந்தும் கான்பெராவிலிருந்தும் தன் தூதர்களை பிரான்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலான நட்பில் அமெரிக்காவிலிருந்து பிரான்ஸ் தன் தூதரை இப்படி அழைத்துக்கொண்டது அதுவே முதல் முறை.

இதற்குப் பிறகு இரு தலைநகரங்களின் பாதைகளும் பிரிந்தன. செப்டம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் பைடனும் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் தொலைபேசியில் பேசினார்கள். நட்பு நாடுகளிடம் முன்கூட்டியே மனம்விட்டுக் கலந்து பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதைக் கூட்டறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள். தூதர் வாஷிங்டனுக்குத் திரும்பினார். ஆஸ்திரேலியாவுடனோ பேச்சு மேடையிலேயே தொடர்ந்தது. அக்டோபர் 31 அன்று ரோம் நகரில், பிரதமர் மாரிசன் உங்களிடம் பொய் சொன்னதாக நினைக்கிறீர்களா என்று ஆஸ்திரேலியச் செய்தியாளர்கள் கேட்டபோது, “நினைக்கவில்லை, எனக்குத் தெரியும்” என்றார் மக்ரோன். அடுத்த சில நாட்களுக்குள், மக்ரோன் தன் கைப்பேசியிலிருந்து மாரிசனுக்கு அனுப்பியிருந்த குறுஞ்செய்தி ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் வெளிவந்தது. நம் நீர்மூழ்கிக் கப்பல் திட்டம் பற்றி நல்ல செய்தியை எதிர்பார்க்கலாமா, கெட்ட செய்தியையா என்று மக்ரோன் கேட்டிருந்த செய்தி அது. கான்பெராவில் இருந்த பிரெஞ்சுத் தூதர் இதைப் பற்றிப் பேசும்போது, இங்கே நம்பி ஒன்றைச் சொன்னால் அது ஒரு நாள் தமக்கு எதிராகவே பயன்படும் என்ற பாடத்தைத்தான் உலகத் தலைவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்று எச்சரித்தார்.

கப்பல் ஒப்பந்தம் முறிந்தது பண இழப்பு. அது பேரம் பேசித் தீர்க்கக்கூடியது. ஒருவர் பொய்யர் என்று உலகறிய அழைக்கப்பட்டதும், அதற்குப் பதிலடியாக இன்னொருவரின் தனிச் செய்தி வெளியே வந்ததும் அப்படித் தீர்க்கக்கூடியவை அல்ல. தனியறையில் ஒரு தலைவர், ‘சரி, உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது’ என்று சொல்லி இறங்கி வரலாம், யாருக்கும் தெரியாது. அதே குறை அரங்கில் சொல்லப்பட்டுவிட்டால், அவருடைய நாட்டு மக்களும் எதிர்க்கட்சியும் பத்திரிகைகளும் பார்த்துக்கொண்டிருக்க, இறங்கி வருவது பணிந்துபோவதாகவே தெரியும். அதனால் அவர் தவறு என்று தானே உணர்ந்த ஒன்றைக்கூட விடாப்பிடியாக நியாயப்படுத்தத் தொடங்குகிறார். விமர்சித்தவரும் தன் சொல்லைத் திரும்பப் பெற முடியாமல் நிற்கிறார். இருவருக்குமே பின்வாங்கும் வழி அடைபடுகிறது.

கேள்வி: தலைவர்கள் மாறினால் இந்தக் கசப்பும் மாறிவிடும் அல்லவா?

பதில்: பல நேரங்களில் மாறும். 2022 மே மாதத் தேர்தலில் ஆஸ்திரேலியாவில் ஆட்சி மாறியது. ஜூன் மாதத்தில் பிரெஞ்சுக் கப்பல் கட்டும் நிறுவனத்துக்கு 55.5 கோடி யூரோ தருவதென்று உடன்பாடு ஏற்பட்டது. புதிய பிரதமர் அல்பனீஸ் ஜூலைத் தொடக்கத்தில் பாரிஸில் வரவேற்கப்பட்டார். கசப்பு தலைவர்களோடு மட்டும் நின்றதால் அவர்களோடே போயிற்று. மக்கள் மனத்தில் இறங்கிவிட்ட கசப்பு அப்படிப் போவதில்லை. அதற்குத் துருக்கியின் கதை பின்னால் வருகிறது.

கேள்வி: நண்பன் தவறு செய்யும்போது இடித்துரைப்பதுதானே உண்மையான நட்பு? எல்லாவற்றையும் மூடிய கதவுக்குப் பின்னால்தான் பேச வேண்டும் என்றால், மக்களாட்சி நாடுகளின் தலைவர்கள் தம் மக்களுக்கு எப்படிப் பதில் சொல்வார்கள்?

பதில்: இந்தக் கேள்வி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இதற்கு நேரான பதில் ஒருவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர் கனடாவின் லெஸ்டர் பியர்சன்.

1956இல், வட அமெரிக்க, ஐரோப்பிய நாடுகளின் பாதுகாப்புக் கூட்டணியான நேட்டோ, உறுப்பு நாடுகளுக்குள் அரசியல் ஒத்துழைப்பை எப்படி வளர்ப்பது என்று ஆராய மூன்று வெளியுறவு அமைச்சர்கள் கொண்ட குழுவை அமைத்தது. நார்வேயின் லாங்கே, இத்தாலியின் மார்ட்டினோ ஆகியோருடன் மூன்றாமவராக இருந்தவர் பியர்சன். குழு பணியாற்றிக்கொண்டிருந்தபோதே சூயெஸ் நெருக்கடி வெடித்தது. பிரிட்டனும் பிரான்ஸும் அமெரிக்காவிடம் சொல்லாமல் எகிப்தின் மீது படை நடத்தின. அமெரிக்கா அவற்றை ஐ.நா. பொதுச்சபையிலேயே எதிர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஏற்கப்பட்ட குழுவின் அறிக்கை, கலந்தாலோசனை என்பது முடிவெடுத்த பிறகு தகவல் தெரிவிப்பது அன்று, ஒவ்வொரு நாட்டின் நிலைப்பாடும் இறுகிப்போவதற்கு முன்பே சேர்ந்து பேசுவது என்று வலியுறுத்தியது. நட்பு நாடுகளின் நடத்தைக்கு அதைவிடத் தெளிவான விதியை நான் படித்ததில்லை.

அதை எழுதிய மூவரில் ஒருவரான அதே பியர்சன், பிரதமரான பின், 1965 ஏப்ரல் 2 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில் அமைதி விருது ஒன்றைப் பெற்றுக்கொண்டு பேசினார். வட வியட்நாம் மீது அமெரிக்கா தொடர் குண்டுவீச்சைத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவின் நோக்கங்களை அவர் பெரும்பாலும் ஆதரித்தே பேசினார். தக்க நேரத்தில் குண்டுவீச்சைச் சிறிது காலம் நிறுத்திப் பார்க்கலாம் என்ற யோசனையை மட்டும் அதற்கிடையில் வைத்தார். இந்தப் பேச்சு வேண்டாம், வாஷிங்டனில் நமக்கு இருக்கும் செல்வாக்கு போய்விடும் என்று அவருடைய வெளியுறவு அமைச்சர் பால் மார்ட்டின் முன்பே தடுத்துப் பார்த்திருந்தார்.

மறுநாள் கேம்ப் டேவிட் ஓய்வில்லத்தில் அமெரிக்க அதிபர் ஜான்சனுடன் மதிய உணவு. உணவுக்குப் பின் ஜான்சன் பியர்சனை வெளித்திண்ணைக்கு அழைத்துச் சென்றார். அங்கே நடந்ததைக் கனடாவின் தூதர் சார்லஸ் ரிச்சி பின்னாளில் எழுதினார். ஆறடிக்கும் மேல் உயரமான அதிபர் திண்ணையில் முன்னும் பின்னும் நடக்கிறார், கைகளை வீசிப் பேசுகிறார், ஒரு கையால் பியர்சனின் கோட்டைப் பற்றிக்கொண்டு மறு கையை வானை நோக்கி உயர்த்துகிறார். என் வீட்டுக்கே வந்து என்னைப் பழிப்பதா என்பதுதான் அந்தச் சினத்தின் சாரம். அதன்பின் இருவருக்கும் இடையே பழைய நெருக்கம் திரும்பவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில்தான் இருவரும் ஜான்சனின் பண்ணை வீட்டில் அமர்ந்து இரு நாட்டு மோட்டார் வாகன வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்த ஒப்பந்தம் நிலைத்தது; வட அமெரிக்க வான் பாதுகாப்பு உடன்பாடும் 1968இல் புதுப்பிக்கப்பட்டது. போரைப் பற்றி ஜான்சனின் காதில் தனியாக ஒரு வார்த்தை போடக்கூடிய இடம் மட்டும் பியர்சனுக்கு இல்லாமல் போயிற்று.

அந்த மே மாதம் ஐந்து நாட்களுக்குக் குண்டுவீச்சு நிறுத்தப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு பியர்சனின் பேச்சுதான் காரணம் என்று கூற இடமில்லை. ஆனால் அவருடைய யோசனை பொருளற்றது அன்று என்பதை அது காட்டுகிறது. அவர் பேசியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். உயிர்கள் போய்க்கொண்டிருக்கும்போது நட்பின் நாகரிகத்துக்காக வாய்மூடி இருக்க முடியாது என்று ஒரு தலைவர் முடிவெடுப்பதை நான் மதிக்கிறேன். தன் நாட்டு மக்களின் மனச்சான்றுக்கும் அவர் பொறுப்பாளி. ஆனால் மறுநாள் நேரில் சந்திக்கப்போகும் மனிதரைப் பற்றி முந்தைய நாள், அவருடைய நாட்டிலேயே, அவரிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல் பேசியது, பியர்சனே வகுத்துக்கொடுத்த விதிக்கு மாறானது. சந்திப்பு முதலிலும் பேச்சு பிறகுமாக அமைந்திருந்தால், ஜான்சன் கோபப்பட்டிருப்பார். ஏமாற்றப்பட்டதாக நினைத்திருக்க மாட்டார். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. இடித்துரைப்பதற்கு நட்பில் இடம் உண்டு. நண்பருக்குத் தெரியாமல் ஊரைக் கூட்டி இடித்துரைப்பதைத்தான் நட்பு தாங்குவதில்லை.

கேள்வி: அமெரிக்கா கடுமையாகப் பேசிய பிறகுதானே ஐரோப்பிய நாடுகள் பாதுகாப்புச் செலவை உயர்த்தின? பல ஆண்டுகள் பணிவாகச் சொன்னபோது கேட்காதவர்கள் பலர் முன்னால் சொன்னபோது கேட்டார்கள் என்றால், பொது விமர்சனம் பலன் தந்தது என்றுதானே பொருள்?

பதில்: இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவது என்ற இலக்கை நேட்டோ 2014இல் வேல்ஸ் மாநாட்டில் உறுதி செய்தபோது அதை எட்டியிருந்த நாடுகள் மூன்றே மூன்று. 2024இல் 32 உறுப்பு நாடுகளில் 23 அதை எட்டும் என்று நேட்டோ மதிப்பிட்டது. 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில், 2035க்குள் 5 சதவீதம் என்ற இலக்கையே ஏற்றுக்கொண்டார்கள். இந்த ஏற்றத்துக்கு ரஷ்யா 2014இல் கிரைமியாவைக் கைப்பற்றியதும் 2022இல் உக்ரைன் மீது முழுப் படையெடுப்பை நடத்தியதும் பெரும் காரணங்கள் என்பதை எவரும் மறுக்க மாட்டார்கள். ஆனாலும் வாஷிங்டனின் கண்டிப்புக்கு இதில் பங்கே இல்லை என்று நான் வாதிட மாட்டேன்.

கண்டிப்பிலும் இரு வகை உண்டு. 2011 ஜூனில் பதவியிலிருந்து விலகவிருந்த அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் பிரஸ்ஸல்ஸில் பேசியபோது, இப்படியே போனால் கூட்டணியின் எதிர்காலம் இருண்டுவிடும் என்று மிகக் கடுமையாகவே எச்சரித்தார். அது எவரையும் விலக வைக்கவில்லை. கூட்டணி வாழ வேண்டும் என்ற கவலையிலிருந்து வந்த சொல் என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2017 மே 25 அன்று அதே பிரஸ்ஸல்ஸில், நேட்டோவின் புதிய தலைமையகத்தில், அருகில் நின்ற தலைவர்களின் முகத்துக்கு எதிரே அதிபர் டிரம்ப், 28 நாடுகளில் 23 நாடுகள் தர வேண்டியதைத் தரவில்லை என்று கணக்கு வாசித்தார். மூன்று நாட்கள் கழித்து ஜெர்மனியின் மியூனிக் நகரில், தேர்தல் பிரசாரத்துக்காகப் போடப்பட்ட ஒரு பீர் கூடாரத்தில் பேசிய அந்நாட்டின் அன்றைய பிரதமர் ஆங்கெலா மெர்கெல், மற்றவர்களை முழுவதுமாக நம்பியிருக்கக்கூடிய காலம் ஓரளவு முடிந்துவிட்டது என்றார். சொற்களை அளந்து பேசுவதற்குப் பெயர்பெற்றவர் அவர். ‘ஓரளவு’ என்ற சொல்லைக்கூட அளந்துதான் வைத்தார்.

அந்த ஒரு வாக்கியம் அடுத்தடுத்த ஆண்டுகளில் வளர்ந்துகொண்டே போயிற்று. 2025 பிப்ரவரியில் ஜெர்மனியில் தேர்தலில் வென்ற இரவிலேயே பிரீட்ரிக் மெர்ஸ், அமெரிக்காவைச் சாராமல் நிற்கும் நிலையை ஐரோப்பா படிப்படியாக அடைய வேண்டும் என்று அறிவித்தார். அமெரிக்காவோடு நெருக்கமான உறவை வாழ்நாள் முழுதும் வலியுறுத்திவந்த கட்சியின் தலைவர் அவர் என்பதை மனத்தில் கொண்டு இதைப் படிக்க வேண்டும். செலவு உயர்ந்தது, அந்தச் செலவின் நோக்கமும் கூடவே மாறியது. கூட்டணியில் தன் பங்கைச் செலுத்துவதற்காகச் செலவழிப்பவரும், கூட்டாளி ஒரு நாள் கைவிட்டுவிடுவார் என்று அஞ்சிச் செலவழிப்பவரும் ஒரே தொகையைத்தான் செலவழிக்கலாம். முதலாமவர் கூட்டாளியிடம் தன் திட்டத்தைக் காட்டுவார். இரண்டாமவர் காட்ட மாட்டார்.

கேள்வி: அரசுகள் கவனமாக இருந்தாலும் இரகசியக் கடிதங்கள் பின்னர் வெளியே வந்துவிடுகின்றனவே! அப்போது தனியாகச் சொன்னதும் பொது விமர்சனம் ஆகிவிடாதா?

பதில்: ஆகிவிடும். அதற்குத்தான் துருக்கியின் கதை. 1964இல் சைப்ரஸ் தீவில் துருக்கி இனத்தவர் மீது தாக்குதல்கள் நடந்துவந்த சூழலில், துருக்கி அங்கே படை இறக்க ஆயத்தமானது. ஜூன் 5 அன்று அதிபர் ஜான்சன், துருக்கியின் பிரதமர் இஸ்மத் இனோனுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கா கொடுத்த ஆயுதங்களை இதற்குப் பயன்படுத்த ஒப்புதல் இல்லை என்றும், துருக்கியின் நடவடிக்கையால் சோவியத் ஒன்றியம் தலையிட நேர்ந்தால் துருக்கியைக் காக்கும் கடமை தங்களுக்கு உண்டா என்று நேட்டோ நாடுகள் இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை என்றும் அதில் கண்டிருந்தது. படை இறங்கவில்லை. அதே மாதத்தில் இனோனு வாஷிங்டன் சென்று ஜான்சனைச் சந்தித்துத் திரும்பினார். கடிதத்தின் கடுமையை அரசு தனக்குள் விழுங்கிக்கொண்டது.

1966 ஜனவரியில் துருக்கியின் ஹுர்ரியத் நாளிதழ் கடிதத்தை அப்படியே வெளியிட்டது. ஒரு தலைவர் விழுங்கிய அவமானம் ஒரு நாட்டின் அவமானமாக மாறியது அன்றைக்குத்தான். கடிதத்தின் ஒரு சொல்லும் மாறவில்லை, படிப்பவர்கள்தான் மாறினார்கள். நமக்கு ஆபத்து வந்தால் அமெரிக்கா வரும் என்ற, பல ஆண்டுகளாகக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்த எண்ணத்தைத் துருக்கி மக்கள் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சோவியத் பிரதமர் கோசிகின் துருக்கிக்கு வந்தார். தொடர்ந்து உருக்காலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை முதலியவற்றுக்குச் சோவியத் உதவி கிடைத்தது. 1974இல் துருக்கி சைப்ரஸில் படை இறக்கியபோது எவருடைய கடிதத்துக்கும் காத்திருக்கவில்லை. அறுபது ஆண்டுகள் கடந்தும் ‘ஜான்சன் கடிதம்’ என்றால் துருக்கியில் விளக்கம் தேவைப்படுவதில்லை.

ஆகவே தனியாக எழுதும்போதும், நாளை அந்த நாட்டு மக்கள் படித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து எழுதுவதே அறிவுடைமை. மறுப்பைக் கடுமையாகச் சொல்லலாம். உங்களைக் காப்போமா என்பதே உறுதியில்லை என்ற தொனிதான் அந்தக் கடிதத்தை ஆறாத புண்ணாக்கியது.

கேள்வி: எதிரி நாடுகள் இதனால் பெறும் பயன் என்ன?

பதில்: கூட்டாளிகள் ஒரே குரலில் பேச முடியாத சில நாட்கள். 1956 நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டை நசுக்கியபோது, அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்ஸும் சூயெஸ் பற்றி ஐ.நா.வில் ஒன்றுக்கொன்று எதிராக நின்றுகொண்டிருந்தன. சோவியத்தின் முடிவுக்கு அந்தப் பிளவுதான் காரணம் என்று கூற முடியாது. ஆனால் ஹங்கேரிக்காக எழ வேண்டிய குரலின் வலிமை பாதியாகிவிட்டது.

கேள்வி: பெரிய நாட்டுக்கு மிரட்ட வழி உண்டு, பணத்தை நிறுத்த வழி உண்டு. சிறிய நாட்டுக்கு இருப்பது குரல் ஒன்றுதான். அதையும் அடக்கிக்கொள் என்பது நியாயமா?

பதில்: நியாயம் இல்லை, அப்படி நான் சொல்லவும் மாட்டேன். பெரிய நாட்டின் பொது விமர்சனத்தையும் சிறிய நாட்டின் பொது விமர்சனத்தையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. வலியவர் பலர் முன்னால் கண்டிப்பது அவமதிப்பு. எளியவர் பலர் முன்னால் மறுப்பது பெரும்பாலும் தற்காப்பு. ஆனால் சிறிய நாடு கொடுக்க வேண்டிய விலை பெரிது என்பதை முன்பே தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

நியூசிலாந்து தெரிந்தே பேசியது. 1984இல் ஆட்சிக்கு வந்த டேவிட் லாங்கியின் அரசு, அணு ஆயுதம் தாங்கிய கப்பல்களையும் அணுசக்தியால் இயங்கும் கப்பல்களையும் தன் துறைமுகங்களில் அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. எந்தக் கப்பலில் அணு ஆயுதம் இருக்கிறது என்பதை உறுதிப்படுத்துவதும் இல்லை, மறுப்பதும் இல்லை என்பது அமெரிக்கக் கடற்படையின் கொள்கை. 1985 தொடக்கத்தில் யுஎஸ்எஸ் புக்கானன் என்ற கப்பலுக்கு நியூசிலாந்து அனுமதி மறுத்தது. அமெரிக்கா கூட்டுப் பயிற்சிகளையும் உளவுத் தகவல் பகிர்வையும் குறைத்தது. 1986இல், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய மூன்றும் சேர்ந்த ஆன்சஸ் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி நியூசிலாந்துக்குத் தான் ஆற்ற வேண்டிய பாதுகாப்புக் கடமையை நிறுத்திவைத்தது. நியூசிலாந்து 1987இல் தன் நிலைப்பாட்டைச் சட்டமாகவே ஆக்கியது.

இதில் நான் மதிப்பது ஒன்று உண்டு. அணு ஆயுதத்தைத்தான் எதிர்க்கிறோம், அமெரிக்காவை அல்ல என்ற நிலையில் அந்த நாடு உறுதியாக நின்றது. மறுப்பு ஒரு கொள்கையின் மீது இருந்தது. எந்தத் தலைவரின் நேர்மை மீதும் இல்லை. அதனால் திரும்பி வரும் வழி ஒன்று அடைபடாமல் இருந்தது, அதில் நடந்து வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனாலும். 2016 நவம்பரில் நியூசிலாந்துக் கடற்படையின் 75ஆம் ஆண்டு விழாவுக்கு யுஎஸ்எஸ் சாம்ப்ஸன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலுக்குப் பிரதமர் அனுமதி அளித்தார். கப்பல் வந்த நேரத்தில் கைகோரா பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. விழாவுக்கு வந்த கப்பல், சாலைகள் துண்டிக்கப்பட்டுச் சிக்கியிருந்த அந்த மக்களுக்கு உதவப் போயிற்று. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது.